சேர்மனின் பூமுடி

"குனிங்க" என்றார் முடி எடுப்பவர். குனிந்தேன். "இன்னும்" என்று உள்ளங்கையால் பிடரியை அழுத்தினார். இன்னும் எங்கே குனிவது, மோவாய் நெஞ்சில் முட்டிவிட்டது, மூக்குக்கு நேரே என் வேட்டி, வேட்டிக்கு அப்பால் ஈரத்தரை, தரையில் யார் யாருடைய முடியோ கருப்பும் நரையும் சாயம் போன செம்பட்டையுமாகச் சுருண்டு, தண்ணீரோடு சேர்ந்து சாக்கடை வாயைப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் சாக்கடைக்குப் போவதுதான் முறை. எங்கள் பதினோராம் வார்டில் மட்டும் சாக்கடை தண்ணீருக்கு வந்தது. சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் வரலாறு நடத்தி, ஓய்வு பெற்ற பிறகு நகராட்சிக் கவுன்சிலர் ஆனவனுக்கு வாக்கியத்துக்கா பஞ்சம். இந்த வாக்கியத்தை மன்றத்தில் எழுந்து நின்று சொல்வதாக இருந்தேன், நேற்றுக் காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் கட்சி கூட்டிப்போய் வைத்திருந்த மலைமேல் ஒரு ரிசார்ட்டில் மிளகுக் கோழி தின்றுகொண்டிருந்தேன். சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்தது. குளிர்ந்து கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. இரண்டு கையாலும் மயிர்க்கால்வரை பிசைந்தார். சுகமாகத்தான் இருக்கிறது, சனியன், உடம்புக்குக் கட்சியும் தெரியாது வெட்கமும் தெரியாது. குன்றுக்கோயில் அடிவாரத்து முடிக்காணிக்கை மண்டபத்தில் நாங்கள் பத்தொன்பது பேர் வரிசையாகப் பலகையில் உட்கார்ந்திருக்கிறோம், பத்தொன்பது பிடரிகள், எங்கள் சேர்மன் சொர்ணவேல் பதவி தப்பியதற்காக. சேர்மன் பதவி இழக்க வேண்டும் என்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட அதே பத்தொன்பது பேர். முதல் கையெழுத்து என்னுடையது. அழகான கையெழுத்து.

டக்கென்று ஒரு சத்தம், பிளேடை இரண்டாக ஒடிக்கிறார், டோக்கனோடு வந்த பாதி பிளேடு, பாதிதான் கொடுக்கிறார்கள், ஒரு தலைக்குப் பாதி போதும் என்பது தேவஸ்தானத்தின் கணக்கு, அதையும் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகினால் என் தலைக்குக் கால் பிளேடு. உச்சியில் வைத்தார். சரக் என்று ஒரு கோடு, நெற்றிவரை. முதல் கோடு விழுந்த இடத்தில் காற்று படுகிறது, அறுபத்திரண்டு வருஷமாகக் காற்றே படாத இடம். எனக்கு இடப்பக்கம் ஆறாம் வார்டு சகாதேவன், முடிந்துவிட்டது போலிருக்கிறது, வழுவழுவென்று தடவிப் பார்த்துக்கொண்டு "வாத்தியாரே, காது பக்கம் வரும்போது மூச்சைப் பிடிச்சிக்கிடுங்க" என்கிறான். மூச்சைப் பிடிப்பது பற்றி இவன் எனக்குச் சொல்கிறான். இவனால்தான் இந்தக் கூத்தே. இன்று காலை மலையிலிருந்து பஸ் இறங்கும்போது, அதுவரை யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம், எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் மைக்கை வாங்கினான். "நம்ம அண்ணாச்சி பதவிக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாதுன்னு நான் முருகன்கிட்ட மொட்டை வேண்டியிருந்தேன். இப்ப நெறவேறிட்டு." என்ன துணிச்சல். தீர்மானத்தில் இரண்டாவது கையெழுத்து அவனுடையது. தான் கொண்டுவந்த தீர்மானம் தோற்க வேண்டுமென்று தானே சாமியிடம் போய் வேண்டிக்கொண்டானாம். நான் சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் பின்சீட்டிலிருந்து ஒருவன் "நானும்" என்றான். அப்புறம் இன்னொருவன். நானும், நானும், நானும், கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஒரு பக்தன் எழுந்தான். முன்சீட்டில் மாவட்டம் உட்கார்ந்திருந்தார், மாவட்டச் செயலாளர் என்று நீட்டிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை, மாவட்டம் என்றால் போதும், அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. டிரைவரிடம் மட்டும் சொன்னார். "குன்றுக்கோயில்ல நிப்பாட்டுப்பா." அப்புறம் பொதுவாக, "கையெழுத்துப் போட்டவங்க மட்டும் எறங்குனாப் போதும். மத்தவங்களுக்கு என்ன வேண்டுதல் இருக்கு?" எவ்வளவு நேர்த்தியான வேலை. தண்டனையை வேண்டுதலாக மாற்றி, குற்றவாளியையே டோக்கன் எடுக்க வைக்கிற நேர்த்தி. பெண் கவுன்சிலர்கள் ஏழு பேருக்குப் பதிலாக அவர்கள் வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நியாயம்தானே, மன்றத்திலும் அவர்கள்தான் உட்காருகிறார்கள். என் வாயிலிருந்து நானும் வரவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, பஸ் நிற்கும்வரை. பஸ் நின்றதும் இறங்கினேன்.

சட்டைப்பையில் போன் அதிர்கிறது. நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கைக்குள் சிக்கிய வண்டு மாதிரி. யாரென்று பார்க்க வேண்டியதில்லை. ரிசார்ட்டுக்குப் போனதுமே எல்லாருடைய போனையும் ஒரு துணிப்பையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், கல்யாண மண்டபத்தில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பதுபோல எண் ஒட்டி. இன்று காலைதான் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்ததிலிருந்து இதே அதிர்வு. "போனை எடுத்துக் கீழ வைங்க சார், தலை ஆடுது" என்கிறார் முடி எடுப்பவர். "அதுவே நின்னுடும்" என்றேன். நின்றது. மறுபடி ஆரம்பித்தது. இசக்கிமுத்து. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன், இப்போது சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறான், பம்ப் ஹவுஸ் தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அவன் அம்மா பேச்சியம்மாள் ஆனி மாதம் வயிற்றுப்போக்கில் போனாள். தெருவில் முப்பது பேர் படுத்தோம், இருபத்தொன்பது பேர் எழுந்தோம். தெருவுக்குப் புதுக்குழாய் பதித்தாகிவிட்டது என்று நகராட்சியில் பில் பாஸாகி இருந்தது, பதித்தது சேர்மனின் மச்சினன், மேலே தார் மட்டும் புதிது, கீழே அதே துருப்பிடித்த பழைய குழாய், சாக்கடைக்குள் முங்கிக்கொண்டு. நான்தான் ஆள் வைத்துத் தோண்டிப் பார்த்தேன். கையை விட்டுக் குழாயின் ஓட்டையைத் தொட்டுப் பார்த்தேன், கட்டைவிரல் போனது. ஆற்றங்கரையில் இசக்கிமுத்துவுக்கு மொட்டை எடுத்த அன்று பக்கத்தில் நின்றேன். இதே மாதிரிதான் குனிந்திருந்தான். இதே சரக் சரக். பின்மண்டையில் சின்ன வயதில் விழுந்த தழும்பு தெரிந்தது, வகுப்பில் நான் எத்தனையோ தரம் குட்டிய தலை, அந்தத் தழும்பை நான் பார்த்ததே இல்லை. எழுந்து, ஈரம் சொட்ட என்னைப் பார்த்து, "சார், சேர்மனுக்கு ஒண்ணுமே ஆவாதுல்லா?" என்றான். அழுகிறவனிடம் ஏதாவது சொல்லிவிட்டு நகர வேண்டியதுதானே. நான் நகரவில்லை. "அவனை அந்த நாற்காலியிலேருந்து எறக்காம விடமாட்டேன்டா" என்றேன். ஆறு கேட்டது, வெட்டியான் கேட்டார், அவன் மாமா கேட்டார், எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. நேற்று அவன் லோடுக்குப் போகவில்லை. நகராட்சி வாசலில் அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றானாம், தெருவில் பாதி ஜனத்தோடு, எங்கள் கார்கள் வரும் வரும் என்று. உள்ளே ஆணையர் மட்டும் தனியாக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, போதிய உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் கைவிடப்படுகிறது என்று காலி நாற்காலிகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு எழுந்து போனாராம். தோற்றிருந்தாலாவது கௌரவம். தோற்க நாலு பேர் வந்திருக்க வேண்டும்.

"செத்த இருங்க, பிளேடு மழுங்கிட்டு" என்று எழுந்து போனார். கையை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் தோல், பிசுபிசுவென்று, யாருடைய தலையையோ தொட்டதுபோல. இடப்பக்கம் முடி. சரியாகப் பாதி. இப்போது எழுந்து போகலாம். யாரும் கட்டிப்போடவில்லை. அரைத்தலையோடு வெளியே போய், வெயிலில் நடந்து, ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் பார்க்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க, பம்ப் ஹவுஸ் தெருவில் இறங்கி, இசக்கிமுத்துவின் முன்னால் போய் நின்று, இங்கே பார், பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்று சொல்லலாம். அவன் சிரிப்பான். சிரிக்கட்டும், சிரித்தால்கூடப் பரவாயில்லை. எழு. கால் மரத்திருக்கிறது, அதனால்தான் எழவில்லை, இன்னும் ஒரு நிமிஷம். மாவட்டம் ரிசார்ட்டில் என் அறைக்குத் தனியாக வந்தார், கட்டிலில் உட்கார்ந்தார், என் முழங்காலைத் தட்டினார். "சொர்ணவேல் யோக்கியன்னு நான் சொல்லவே இல்லையே வாத்தியாரே. அந்தம்மா செத்தது பாவம்தான். ஆனா அவன் நம்ம ஆளு. நாளைக்கு அவனை எறக்கினா, மறுநாள் அந்தக் கட்சிக்காரன் வெடி போடுவான். உங்க கையால அவனுக்கு வெடி வாங்கிக் குடுப்பீங்களா?" இதற்கு நான் பதில் வைத்திருந்தேன். உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியவன் நான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறான், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது. அவன் பெயரை மட்டுமா, அவன் அப்பன், மகன், சித்தி மகன், பெரியம்மை மகன், அத்தை மகன், மாமன் மகன், மருமகன், பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன். மச்சினன்! கல்லில் வெட்டியவனுக்கு மச்சினனைத் தெரிந்திருக்கிறது. கழுதை ஏறியவனுக்கும் கூடாதாம், அப்படியென்றால் ஊரே சேர்ந்து கழுதைமேல் ஏற்றி அவமானப்படுத்தியவனுக்கு. பையன்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். இசக்கிமுத்துவும் சிரித்திருப்பான். இத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. மாவட்டத்திடம் நான் சொன்னது, "அதுக்கில்லை அண்ணாச்சி". அவ்வளவுதான். அதுக்கில்லை என்றால் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கட்சி, வேட்டிக் கரை முதல் பேரன் பெயர்வரை. அந்தக் கட்சிக்காரன் வெடி போடுவான் என்று கேட்டதும் என் வயிற்றில் நிஜமாகவே தீப்பிடித்தது. பேச்சியம்மாள் செத்ததற்கு அப்படிப் பிடிக்கவில்லை. இதை எங்கே எழுதி வைப்பது, எந்தக் கல்லில். ஈரச் செருப்பின் சளக் சளக் சத்தம் திரும்பி வருகிறது. எழு, இப்போதாவது. "குனிங்க சார்." இடப்பக்கம் சரக்கென்று ஓடியது. எழுகிற யோசனையும் அதோடு தண்ணீரில் போயிற்று, ஒரு வகையில் நிம்மதி.

வாசல் பக்கம் சலசலப்பு. "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று பல குரல்கள். குனிந்த தலைக்குக் கால்கள் மட்டுமே தெரியும், வெள்ளைச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிற சிவந்த பாதங்கள், அவற்றுக்கு வழிவிடுகிற கருத்த பாதங்கள். சேர்மன் சொர்ணவேல் கார் பிடித்து நேராக வந்திருக்கிறார், நன்றி சொல்ல. கூடவே அவருடைய ஆள் குணசீலன், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "லைவ் போகுது, லைவ் போகுது, எல்லாரும் கொஞ்சம் சிரிங்க" என்கிறான். சகாதேவன், "அண்ணாச்சியும் எடுக்கணும்! அண்ணாச்சி மொட்டை!" என்று கத்தினான், விசுவாசம் தலைக்கேறிய நேரத்தில் வாய் தவறியது. சேர்மனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் நல்ல அடர்த்தியான முடி, சென்னைக்குப் போய் ஊன்றிக்கொண்டு வந்தது என்று ஊரில் பேச்சு. அவர் சிரித்தார். "எனக்குப் பூமுடிதான்ப்பா வேண்டியிருந்தேன்." யாரோ உடனே கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். பூமுடி என்றால் மூன்று நறுக்கு, பெண்களும் குழந்தைகளும் கொடுப்பது, நுனியில் விரற்கடை நீளம். நறுக், நறுக், நறுக். மண்டபம் கைதட்டியது. பத்தொன்பது தலைக்கு மூன்று நறுக்கு. அப்புறம் அந்தச் சிவந்த பாதங்கள் ஒவ்வொரு பலகையாக நின்று நின்று வந்து, என் எதிரே நின்றன. கட்டைவிரலில் மோதிரம், காலில்.

"யாரு, அணைஞ்சபெருமாள் வாத்தியாரா?" என்றார். "சார்வாள், நீங்களுமா! அடையாளமே தெரியலையே."

"பாதிதான் ஆகியிருக்கு அண்ணாச்சி" என்றேன், தரையைப் பார்த்து.

"முதக் கையெழுத்து நீங்கன்னு சொன்னாவ. நான் நம்பவே இல்ல, தெரியுமா. வாத்தியாரு கோவக்காரரு, ஆனா நம்மாளுன்னு சொன்னேன்." குரல் தணிந்தது, குணசீலனின் செல்போனுக்குக் கேட்காத அளவுக்கு. "ஒங்க தெரு குழாய் விஷயம் என் மனசுல இருக்கு. மறுபடி டெண்டர் விட்டாச்சு. மச்சினன்கிட்டயே குடுத்திருக்கேன். அவனுக்குத்தான அந்த ரோட்டுல எங்க என்ன இருக்குன்னு தெரியும்?"

முடி எடுப்பவரின் கை நின்றிருந்தது. அவர் எனக்காக நிறுத்தியிருந்தார், நான் பேச வசதியாக. பிளேடு காதுக்கு மேலே தோலைத் தொட்டும் தொடாமலும். இப்போது நிமிரலாம். நிமிர்ந்து, கட்டைவிரல் நுழைந்த ஓட்டையைப் பற்றி, இந்த லைவில், ஊர் பார்க்க. ஒரே ஒரு வாக்கியம் போதும். சாக்கடை தண்ணீருக்கு வந்தது என்று ஆரம்பித்தால்கூடப் போதும். "ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி" என்றது ஒரு குரல். நல்ல கனமான குரல், வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கும். பாதங்கள் அடுத்த பலகைக்கு நகர்ந்தன. தலையை ஆட்டியிருக்கிறேன் போலிருக்கிறது, காதுக்கு மேலே சுருக்கென்றது. "ஆட்டாதீங்கன்னு சொன்னேன்லா" என்று முடி எடுப்பவர் கட்டைவிரலால் அமுக்கினார். வேட்டியில் ஒரு சொட்டு விழுந்து தண்ணீரோடு பரவி இளஞ்சிவப்பானது. சகாதேவன் எட்டிப் பார்த்தான். "வாத்தியாரு கட்சிக்காக ரத்தம் சிந்திட்டாரு!" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆமாம், இந்தத் தடவை நானும் என்றேன், சிரிப்பில்.

முடிந்தது. சொம்புத் தண்ணீர் இரண்டு தரம். எழுந்து மண்டபத்துக்கு வெளியே வந்தால் வெயில் உச்சியில் அப்படியே அறைகிறது, கால் பிளேடால் சுரண்டிய தோல் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியதுபோலத் திகுதிகுவென்கிறது. ஒரு வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினேன். போன் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, தலை எரிகிற எரிச்சலில் கை தன்பாட்டில் எடுத்துவிட்டது. மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் வரிசையில் வந்து நின்றன, கட்சிக் கட்டுப்பாடு, மேலிட உத்தரவு, அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம், உள்ளே இருந்துதான் மாற்ற முடியும்.

"சார்" என்றான் இசக்கிமுத்து. கோபமாக இல்லை. லோடு இறக்கிவிட்டு வாடகை கேட்கிற குரல். "வீடியோ பார்த்தேன்."

"இசக்கி, நான் சொல்றதக் கேளு..."

"எங்கம்மைக்கு நான் ஒத்த மவன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். பார்த்தா, பத்தொம்பது பேரு மொட்டை போட்டு உக்காந்திருக்கிய."

வேப்பம்பழம் ஒன்று விழுந்தது. பஸ் ஹாரன் அடித்தது. எதிர்முனையில் அவனுக்குப் பின்னால் தெருக்குழாயில் யாரோ குடம் பிடிக்கிற சத்தம் கேட்கிறது, அதே குழாய்.

"சந்தனம் பூசிக்கிடுங்க சார்" என்றான். "இல்லன்னா வெயிலுக்கு ரொம்ப எரியும். எனக்கு எரிஞ்சிது." வைத்துவிட்டான்.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், யாராவது பார்த்தால் பேசிக்கொண்டிருப்பதாக நினைக்கட்டும் என்று. பேசினேனா, இல்லை, உதட்டை மட்டும் அசைத்தேன். படிக்கட்டில் எல்லாரையும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள், குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால், பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி. பதினெட்டு மஞ்சள் தலைகள். நடுவில் சேர்மன், ஒரு முடியும் கலையாமல், கையில் சந்தனக் கிண்ணம். "வாத்தியாரே, வாங்க, ஒங்களுக்காகத்தான் போட்டோ நிக்குது" என்றான் சகாதேவன். மாவட்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சந்தனம் மட்டும் வேண்டாம், அது ஒன்றை மட்டும் மறுத்துவிடுவது, எரியட்டும், ஊர்வரை எரியட்டும், அது ஒன்றுதான் இசக்கிமுத்துவுக்கும் எனக்கும் பொதுவாக மிச்சம் இருக்கிறது என்று தீர்மானித்தேன். நல்ல தீர்மானம். அதோடு படியேறினேன். மரநிழல் முடிந்து மறுபடி வெயில் விழுந்தது, ஐந்தாறு படிதான், உச்சந்தலை கொதித்தது, கண்ணில் நீர் கட்டியது. "வாத்தியாருக்கு நானே பூசிவிடுதேன்" என்று சேர்மன் கிண்ணத்துக்குள் கையை விட்டுக் குழைத்தார். அவருடைய கை உயர்வதற்கு முன்பே, இந்த முறை யாரும் சொல்லாமல், குனிந்தேன். நல்ல குளிர்ச்சி.